கதையில் ஆடே கிடையாது

கதையில் ஆடே கிடையாது. எழுதியவர் அனுப்பிய தாளில் ஒரு சைக்கிள் கடைத் தாத்தா, பஞ்சர் ஒட்ட வரும் பையன்கள், அவ்வளவுதான். அதற்கு நான் வரைந்த காமிக்ஸ் பக்கத்தில், நான்காவது கட்டத்தின் வலது மூலை காலியாகக் கிடந்தது. அங்கே ஓர் ஆட்டை நிறுத்தி, கடையின் விலைப் பட்டியலைத் தின்ன விட்டேன். வருடம் 1986. அந்தச் சிறுவர் மாத இதழின் பெயர் வேண்டாம், அது நின்றுபோய் வெகு காலமாகிவிட்டது.

அடுத்த மாதமே ஆசிரியர் கூப்பிட்டார். "தம்பி, ஆட்டை எடுத்துடுங்க. வசன பலூனுக்கு இடம் பத்தல." எடுத்துவிட்டேன். இதழ் வந்த பத்தாம் நாளிலிருந்து 15 காசு கார்டுகள் வர ஆரம்பித்தன. தாத்தாவைப் பற்றி ஒரு வரி இல்லை. எல்லாரும் கேட்டது, ஆடு எங்கே? ஒரு பிள்ளை, கறி போட்டுவிட்டீர்களா என்றே எழுதியிருந்தது. திரும்பி வந்த ஆடு அப்புறம் எட்டு வருடம் எங்கேயும் போகவில்லை. குடை, செருப்பு, தபால்காரர் பை என்று தின்று தீர்த்தது. ஒருமுறை பக்க எண்ணையே தின்றது. எண் விட்டுப்போச்சு என்று அச்சகத்தில் மெஷினை நிறுத்திவிட்டார்கள், எனக்குச் சரியான திட்டு.

சிறுவர் காமிக்ஸ் என்றதும் கதை, நீதி, மொழி என்று பேசுகிறோம். குழந்தை அந்தப் பக்கத்தை மேயும். வசனமெல்லாம் முதல் தடவைக்குத்தான். பத்தாவது தடவை புரட்டும்போது கண் போவது மூலைகளுக்கு.

அந்த மூலைகளில்தான் எங்கள் உயிர் போகும். அச்சாகும் அளவைப்போல ஒன்றரை மடங்கில் வரைவோம். சுருக்கும்போது கை நடுக்கமெல்லாம் மறைந்துவிடும், ஆனால் நுணுக்கி வரைந்தது அடைத்துக்கொண்டு கரும்புள்ளியாகிவிடும். ஆட்டின் வாயில் இருப்பது செருப்பா சீப்பா என்று தெரிய வேண்டுமே! அதனால் வாய்ப் பக்கம் மட்டும் கோட்டைக் குறைத்து, சுற்றிலும் வெள்ளை விடுவேன். வெளிர்நீலப் பென்சிலில் ஸ்கெட்ச், மேலே நிப்பில் இந்தியன் இங்க். நீலம் அச்சகக் கேமராவில் விழாது, அழிக்கிற வேலை மிச்சம். ஒரு கட்டத்துக்கு ஆகும் நேரத்தில் பாதி இந்தச் சனியனுக்கே போகும். பக்கத்துக்கு 60 ரூபாய். ஆட்டுக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது.

லியோ பாக்ஸென்டேலைப் பற்றி ரொம்பப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பிரிட்டனில் ‘பீனோ’ வார இதழுக்கு 1954இல் ஒரு பள்ளிக்கூட வானரப் படையை வரைய ஆரம்பித்தவர். பிறகு ‘பாஷ் ஸ்ட்ரீட் கிட்ஸ்’ என்று பேர் வாங்கியது அதுதான். ஊசி குத்த இடமில்லாமல் பிள்ளைகளை அடைத்து வைத்திருப்பார், ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு ஒரு விஷமம் செய்துகொண்டிருக்கும். அந்தக் காலத்தில் அங்கே ஓவியர் கையெழுத்துகூடப் பெரும்பாலும் பக்கத்தில் இருக்காது. 1962இல் வேலைப் பளு தாங்காமல் வெளியேறினார், பிள்ளைகள் பத்திரிகையிலேயே தங்கிவிட்டார்கள். டேவிட் சதர்லாண்ட் அந்த வகுப்பைக் கையில் எடுத்து கிட்டத்தட்ட 60 வருடம் வரைந்தார். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பாக்ஸென்டேல் உரிமை கேட்டு, ‘பீனோ’வை வெளியிட்ட டி.சி. தாம்ஸன் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். ஏழு வருடம் இழுத்தது. 1987இல் கோர்ட்டுக்கு வெளியே சமரசமாக முடிந்தது.

நம் ஊரில் அந்த அளவுக்குக்கூடப் போவதில்லை. சுப்பாண்டியைத் தெரியாத பிள்ளை உண்டா? திருச்சி வாசகர் ஒருவர் ‘டிங்கிள்’ இதழுக்கு எழுதி அனுப்பிய கதைகளிலிருந்து 1983இல் வந்தவன். அந்த விசித்திரத் தலைக்கு உருவம் கொடுத்தவர் ராம் வயீர்க்கர் என்று எத்தனை பேர் சொல்வார்கள்?

இதைச் சொன்னால், கூலி வாங்கியாச்சே என்பார்கள். சரி, வாங்கினேன். தாத்தாவுக்கு வாங்கினேன். கதை கொடுத்தார்கள், தாத்தாவைக் கேட்டார்கள், அவரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். யாரும் எழுதித் தராத ஆடு, எடுத்துவிடு என்று அவர்களே சொன்ன ஆடு, எந்தக் கணக்கில் அவர்கள் சொத்தானது? இதழ் நின்றபோது ஒரிஜினல்களைக் கேட்டுப் போனேன். பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். அதைக்கூட மறந்துவிட்டேன்.

போன மாதம் பேத்திக்கு நோட்டு வாங்க ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போனேன். அட்டையில் என் ஆடு! யார் யாரிடம் வாங்கி யாருக்கு விற்றார்களோ. கம்ப்யூட்டரில் திருப்பி வரைந்திருக்கிறார்கள், கலர் பளபளவென்று இருக்கிறது, கொம்புகூட எனக்கு வந்ததைவிட நன்றாகவே வந்திருக்கிறது. பேத்தி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தாத்தா, இது என்ன தின்னுது?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கன்னம் உப்பியிருக்கிறது, தாடை ஒரு பக்கம் கோணியிருக்கிறது. வாயில் ஒன்றுமே இல்லை.

பில் போட்டு முடிந்ததும் பின் அட்டையிலிருந்த விலை ஸ்டிக்கரை உரித்து, ஆட்டின் வாயில் ஒட்டிக் கொடுத்தேன்.