பிராக் கடிகாரத்தைச் செய்தவர் ஹனுஷ் அல்ல

செக் நாட்டின் தலைநகரான பிராக்கில், பழைய நகரச் சதுக்கத்தில் இருக்கும் வானியல் கடிகாரத்தை 1490-இல் ஹனுஷ் என்பவர் செய்தார், வேறு ஊருக்கு இதுபோல் செய்துவிடக் கூடாதென்று நகரசபை அவர் கண்களைப் பிடுங்கியது என்று ஒருவர் வரலாறாகவே எழுதியிருக்கிறார். அது கட்டுக்கதை. கடிகாரத்தைச் செய்தவர் கடான் ஊர்க் கடிகாரக் கைவினைஞர் மிக்குலாஷ், ஆண்டு 1410. அவருக்கு உதவியவர் வானியலாளர் யான் ஷிண்டல். அந்த ஆண்டின் ஆவணமே கிடைத்துவிட்டது. உண்மையான இருவர் பெயரும் மறைந்து, கண் போன கதை மட்டும் பரவுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், "கடிகாரம் தப்பான நேரம் காட்டுகிறது" என்று சொல்வதும் சரியில்லை. வெளிவளையத்தில் இருக்கும் 1 முதல் 24 வரையான தங்க எண்கள் பழைய செக் நேரம். அது சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணுவது. அஸ்தமனம் மாற மாற அந்த வளையமும் நகரும். நம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட வேண்டியது உள்ளே இருக்கும் ரோமன் எண்களைத்தான். கோடையில் அதோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், கோடைகால நேரத்துக்கு அதை மாற்றுவதில்லை.

மணிக்கொரு முறை ஜன்னலில் வரும் அப்போஸ்தலர் (இயேசுவின் சீடர்கள்) பொம்மைகள் புதியவை. பழையவை ஜெர்மன் படைகளுக்கு எதிரான 1945 மே மாதச் சண்டையில் எரிந்துபோயின.