ஆர்மீனியா போய் பன்னீர் பட்டர் மசாலா சாப்பிட்டுவிட்டு வராதீர்கள்

எனக்குத் தெரிந்த மூன்று குடும்பங்கள் சமீபத்தில் ஆர்மீனியா போய் வந்தன. மூன்று பேரிடமும் ஆசையாக ஒரே கேள்விதான் கேட்டேன்: அங்கே என்ன சாப்பிட்டீர்கள்? "இந்தியன் ரெஸ்டாரன்ட் ஏற்பாடு பண்ணிட்டாங்க, சாப்பாட்டுக்குப் பிரச்சினையே இல்லை" என்றார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

போன வருஷம் செப்டம்பர் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு நானும் போனேன். அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. அதைக் காரணம் காட்டியே பயண ஏற்பாட்டாளர் ஒவ்வொரு வேளைக்கும் இந்திய உணவகத்தை எழுதி வைத்திருந்தார். முதல் இரண்டு நாளும் தலைநகர் யெரெவானின் அத்தனை சாப்பாட்டுக் கடைகளையும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போய், ஒரு பேஸ்மெண்ட் ஹாலில் பட்டர் நானும் ஆறிப்போன ஜீரா ரைஸும் சாப்பிட்டோம். மூன்றாம் நாள் காலை கைடிடம், இனி எங்கள் சாப்பாட்டை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்குக் கொஞ்சம் பயம்தான். கைப்பையில் புளிக்காய்ச்சல் பாட்டில் இருந்தது. ஊர் திரும்பும்வரை அதைத் திறக்கவில்லை.

ஆர்மீனியா என்றாலே கறி சுடும் ஊர் என்று ஒரு பேச்சு இருக்கிறது. உண்மைதான், ஹோரோவாட்ஸ் என்று கம்பியில் கோத்து நெருப்பில் வாட்டும் பன்றிக்கறி இல்லாமல் அங்கே விருந்து கிடையாது. ஆனால் கிறிஸ்தவத்தை முதன்முதலில் அரச மதமாக ஏற்ற நாடு அது, மரபுப்படி 301-ஆம் ஆண்டில். அவர்கள் திருச்சபையின் நாள்காட்டியில் வருஷத்தில் நூறு நாளுக்கு மேல் விரத நாட்கள் உண்டு. பழைய முறைப்படி விரதம் இருப்பவர்கள் அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள். அப்படிப் பல நூற்றாண்டு விரதம் இருந்த சமையலறையில் சைவச் சமையல் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விரதச் சாப்பாட்டுக்கு அவர்கள் சொல்லும் சொல் 'பசுட்ஸ்'. அதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பசுட்ஸ் டோல்மா என்று கேட்டால், முட்டைக்கோஸ் இலைக்குள் கொண்டைக்கடலை, பீன்ஸ், பருப்பு, கோதுமை எல்லாம் வைத்துச் சுருட்டி, வேகவைத்து ஆறவைத்தது வரும். அம்மா இரண்டாவது தட்டு கேட்டார்.

கார்னி கோயிலைப் பார்த்துவிட்டு, அந்த ஊரிலேயே ஒரு வீட்டில் லவாஷ் என்கிற மெல்லிய ரொட்டி சுடுவதைப் பார்க்கப் போனோம். சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவதற்காக ஐந்து நிமிஷத்தில் ஒன்று சுட்டுக் கொடுத்து அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. முடிந்தால் வீட்டுக்காக நாள் முழுக்கச் சுடும் இடத்துக்குப் போய் உட்காருங்கள். தரைக்குள் இறக்கிய மண் அடுப்பு, பெயர் தோனிர். நம் கிணற்று உறையைக் கொஞ்சம் சின்னதாக நினைத்துக்கொள்ளுங்கள், அடியில் விறகுத் தணல். சுற்றி மூன்று பெண்கள். ஒருவர் மாவை உருட்டித் தேய்க்கிறார். அடுத்தவர் அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு வீசி வீசிப் புடவை முந்தானை மாதிரி மெல்லிசாக்கி, வைக்கோல் திணித்த நீள மெத்தையின் மேல் இழுத்துப் போர்த்துகிறார். அப்படியே குனிந்து, மெத்தையோடு அடுப்பின் உள்சுவரில் ஓர் அறை. ஒரு நிமிஷம்கூட ஆகாது, கொப்புளம் வந்ததும் மூன்றாமவர் கொக்கியால் எடுத்துவிடுவார். அந்தச் சூட்டில் வெள்ளைப் பாலாடைக்கட்டியும், ஊதா நிறத்தில் துளசியின் தங்கை மாதிரி இருக்கும் ரெஹான் இலையும், சோம்பு மணக்கும் தர்ஹூன் கீரையும் வைத்துச் சுருட்டித் தந்தார்கள்.

அம்மா சாப்பிட்டுவிட்டு, தேய்க்கிற இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வருஷம் சப்பாத்தி தேய்த்த கை. அந்த வீட்டுப் பாட்டி அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, 'ஜான்' என்று தலையாட்டினார். பேருக்குப் பின்னால் அவர்கள் ஒட்டும் சொல் அது, நம் 'கண்ணு' மாதிரி. லவாஷைக் காயவைத்து அடுக்கினால் மாதக்கணக்கில் இருக்குமாம், வேண்டும்போது தண்ணீர் தெளித்தால் போதும். கல்யாணத்தில் மணமக்கள் தோளில் இதைப் போர்த்தி வரவேற்கும் வழக்கமும் உண்டு. 2014-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள்.

யெரெவான் கும் சந்தைக்குக் குறைந்தது அரை நாள் ஒதுக்குங்கள். உலர்ந்த ஆப்ரிகாட், பீச், திராட்சைச் சாற்றில் தோய்த்த அக்ரூட் (வால்நட்) சரம் என்று ஒவ்வொரு கடையிலும் கையில் வைத்து அழுத்துவார்கள். அம்மா நின்றது வேறு இடத்தில். தலைமுடி பின்னல் மாதிரி நீளமாகப் பின்னித் தொங்கவிட்ட காய்ந்த கீரை. அவெலுக் என்று பெயர், மலையில் தானாக முளைப்பது. வசந்தத்தில் பறித்துப் பின்னிக் காயவைத்தால் குளிர்காலம் தாங்கும். ஊறவைத்து, கொதித்த தண்ணீரைக் கொட்டிக் கசப்பைப் போக்கி, பூண்டும் அக்ரூட்டும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். வற்றல் போடுகிற ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் ஜிங்யாலோவ் ஹாட்ஸ் சாப்பிட்டோம். அஜர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் வாழ்ந்த மலைப்பகுதியான நாகோர்னோ கராபாக்கின் உணவு இது. பத்துக்கு மேற்பட்ட கீரைகளைப் பொடியாக நறுக்கி, மாவு வட்டத்தில் குவித்து, இரண்டு பக்கமும் கிள்ளி மூடி, கையால் தட்டிச் சட்டியில் சுடுவது. போளிக்குப் பூரணம் வைத்து மூடுகிற அதே கைவேலை. மாவும் கீரையும் எண்ணெயும்தான், முழுக்கச் சைவம். கடை நடத்திய பெண்மணி அந்தப் பகுதியின் தலைநகராக இருந்த ஸ்டெபனாகெர்ட்டிலிருந்து வந்தவர். 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் ராணுவம் அந்தப் பகுதியைப் பிடித்தபோது சில நாட்களுக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு ஆர்மீனியாவுக்குள் வந்தார்களே, அதில் ஒருவர். ஊரில் மலைமேல் கிடைத்த சில கீரை இங்கே கிடைப்பதில்லை என்று அவருடைய பேத்தி இங்கிலீஷில் சொன்னாள். கடைசி வரை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தோம். போகிறவர்கள் தயவுசெய்து இதை எங்காவது தேடி, அந்த ஊர்க்காரர்களிடமே வாங்கிச் சாப்பிடுங்கள்.

குடிப்பதற்கு வருவோம். எல்லாப் பயணத் திட்டத்திலும் பிராந்தித் தொழிற்சாலை இருக்கிறது. 1887-இல் தொடங்கிய பாரம்பரியம், பீப்பாய் வாசனை எல்லாம் நன்றாகவே இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு நிறுத்தினால் பாதியைத்தான் பார்த்தீர்கள். சோவியத் காலத் திட்டமிடலில் ஒயினை ஜார்ஜியாவுக்கும் பிராந்தியை ஆர்மீனியாவுக்கும் பிரித்துக் கொடுத்ததால், இவர்களுடைய ஒயின் வெளியே தெரியாமலே போனது. யெரெவானிலிருந்து இரண்டு மணி நேரத்தில் அரேனி கிராமம். அங்கே ஒரு குகையில் 2007-இல் தொடங்கிய அகழாய்வில், சுமார் 6,100 ஆண்டுகளுக்கு முந்தைய ஒயின் தயாரிப்பிடம் கிடைத்தது. திராட்சையை மிதிக்கும் மண் தொட்டி, சாறு வடிந்து சேரும் பானை, எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. குகையை விட்டு வெளியே வந்தால் சாலையோரத்தில் அதே ஊர்த் திராட்சையின் ஒயினை கோலா பாட்டிலில் ஊற்றி விற்கிறார்கள். மதுவுக்குத் தடை உள்ள தங்கள் நாட்டுக்கு மறைத்துக் கொண்டுபோகும் ஈரான் லாரிக்காரர்களுக்காக வந்த பழக்கம் என்று சொல்கிறார்கள். நான் ஒரு கோப்பை குடித்தேன். துவர்ப்பும் செர்ரி மணமுமாக நாக்கில் வெகுநேரம் நின்றது.

குடிக்காதவர்களுக்கு மோர் இருக்கிறது. உப்புப் போட்ட மோரேதான், அதற்குத் 'தான்' என்று பெயர். ஸ்பாஸ் என்ற தயிர் சூப்பில் மட்டும் முட்டை சேர்ப்பார்கள், அம்மா மாதிரி ஆட்கள் கேட்டுக்கொள்ளவும். அப்புறம் யெரெவான் தெருவெங்கும் இடுப்பு உயரக் கல் தூணில் குளிர்ந்த தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், பெயர் புல்புலாக். இறந்தவர் நினைவாக வைத்தவையும் பல. நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல், வருஷம் முழுக்க. பாட்டில் தண்ணீர் வாங்காதீர்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரே வரி: குளிர்காலத்தில் போனால், ராத்திரி முழுக்கக் கொதித்த மாட்டுக்கால் சூப், ஹாஷ், காலையிலேயே கிடைக்கும். பாயா பிடித்தவர்கள் விடாதீர்கள்.

சென்னைப் பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறதே, அது ஆர்மீனியன் தெரு மருவிய பேர். 1772-இல் கட்டிய அவர்கள் தேவாலயம் இன்னும் அங்கே நிற்கிறது. முன்னூறு வருஷத்துக்கு முன்பே நம் ஊரில் வந்து வாழ்ந்த ஜனங்கள், அவர்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று நாமும் ஒரு வேளை உட்கார்ந்து பார்க்கலாம்.

ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டும் முன்பே பேசிவிடுங்கள். காலைச் சாப்பாடு ஹோட்டலில் போதும், மற்றதைக் கழித்துக்கொடுங்கள் என்று கேளுங்கள். எங்களுக்குக் கழிக்கவில்லை, கேட்க மறந்தது எங்களுக்கு நஷ்டம். செப்டம்பரில் போனதால் ஆப்ரிகாட்டை உலர்ந்ததாக மட்டுமே சாப்பிட முடிந்தது, மரத்தில் பழுப்பது ஜூன், ஜூலையில். அம்மா இப்போதே ஜூனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.