டெரெக் ஜீட்டரை மட்டும் திட்டுறது நியாயமா?

டெரெக் ஜீட்டர் மயாமி மார்லின்ஸ்ங்கிற அமெரிக்க பேஸ்பால் டீம்ல சீஇஓவா இருந்த காலத்தைப் பத்தி பேச்சு வந்தாலே "பெரிய பிளேயர்தான், ஆனா நிர்வாகம் வரல"னு ஒரே வரில கதைய முடிச்சிடுறாங்க. அவர் சொதப்பினது நிறைய, அதை நான் மறைக்கப் போறதில்ல, ஆனா அந்த டீமோட பணப்பெட்டி சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாங்க.

பேஸ்பால் பாக்காதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். ஜீட்டர் நியூயார்க் யாங்கீஸுக்கு மட்டுமே 20 சீசன் ஆடினவர், 3465 ஹிட், 5 வேர்ல்ட் சீரிஸ் (லீக்கோட ஃபைனல்) பட்டம், 2014ல ரிட்டயர்டு. 2017ல புரூஸ் ஷெர்மன் தலைமையில ஒரு குரூப் 1.2 பில்லியன் டாலருக்கு மார்லின்ஸை வாங்குச்சு, அதுல ஜீட்டர் பங்கு சுமார் 4 சதவீதம்தான். ஆனா ஊரெல்லாம் என்ன பேச்சு? ஜீட்டர் டீம் வாங்கிட்டாரு! ஷெர்மன் பேரு எத்தனை பேருக்குத் தெரியும் சொல்லுங்க.

வந்ததும் பிளேயர்களை விக்க ஆரம்பிச்சாங்க. அந்த வருஷம் 59 ஹோம் ரன் அடிச்சு எம்விபி (லீக்கோட சிறந்த பிளேயர் அவார்டு) வாங்கின ஸ்டான்டனை யாங்கீஸுக்கே அனுப்பினாங்க. அவருக்கு இன்னும் 10 வருஷத்துக்கு 295 மில்லியன் டாலர் சம்பளம் பாக்கி, போதாததுக்கு எந்த டீமுக்குப் போறதுன்னு தடுக்கிற உரிமையும் அவர்கிட்டயே இருந்துச்சு, ஜயன்ட்ஸ் டீம் வேணாம் கார்டினல்ஸ் டீம் வேணாம்னு சொல்லிட்டாரு, அப்புறம் பேரம் பேச ஜீட்டர் கைல என்ன மிஞ்சும்? அதனால அந்த டிரேடுக்கு நான் அவரைத் திட்ட மாட்டேன்.

ஆனா யெலிச்ங்கிற பிளேயர் விஷயத்துக்கு மன்னிப்பே கிடையாது. சம்பளமும் கம்மி, வயசும் கம்மி, அப்படி ஒருத்தரை மில்வாக்கி புரூவர்ஸுக்குக் குடுத்துட்டு நாலு இளம் பசங்களை வாங்கினாங்க. யெலிச் அடுத்த சீசனே எம்விபி. நாலு பேர்ல பெரிய நம்பிக்கையா வந்த லூயிஸ் பிரின்சன் அந்த வருஷம் .199 பேட்டிங் ஆவரேஜ், அதாவது அஞ்சு தடவைக்கு ஒரு ஹிட் அளவுதான், பாவம். ஒசூனாங்கிற இன்னொரு பிளேயரைக் குடுத்த டிரேடு மட்டும் உருப்படியா வந்துச்சு, அதுல வந்த சாண்டி அல்காண்டராதான் 2022ல சை யங் அவார்டு (சிறந்த பிட்சருக்குக் குடுக்குறது) வாங்கினார், ஆனா அதுக்குள்ள ஜீட்டரே கிளம்பியாச்சு.

இன்னொரு கடுப்பு, ஜெஃப் கோனைன், ஜாக் மெக்கீன் மாதிரி பழைய ஆளுங்களை ஆலோசகர் வேலைலேர்ந்து அனுப்பின விதம். அதையும் நேர்ல சொல்லாம, தானே வெளிய போயிட்டிருந்த பழைய பிரசிடென்ட் மூலமா சொல்லச் சொன்னதா அப்போ நியூஸ் வந்துச்சு. மெக்கீன் யாரு? 2003 வேர்ல்ட் சீரிஸ்ல ஜீட்டர் ஆடின யாங்கீஸையே தோக்கடிச்ச மார்லின்ஸோட மேனேஜர், அதாவது கோச். ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? 2018ல சீசன் முழுக்க சேர்த்து ஸ்டேடியத்துக்கு வந்த கூட்டம் 8 லட்சத்து சொச்சம், லீக்லயே கடைசி.

சரி, நல்லது எதுவுமே பண்ணலையான்னா பண்ணினார். 2020ல கொரோனா டீமையே புரட்டிப் போட்டும் 31 வெற்றி 29 தோல்வின்னு முடிச்சு, 2003க்கு அப்புறம் முதல் தடவையா பிளேஆஃப் (பட்டத்துக்கான நாக்அவுட் சுற்று) போயி சிகாகோ கப்ஸ் டீமை வீட்டுக்கு அனுப்பினாங்க. அந்த நவம்பர்லயே கிம் இங்கை ஜெனரல் மேனேஜர் (ஜிஎம், பிளேயர்களை வாங்குறது விக்கிறதைப் பாக்குற பதவி) ஆக்கினார், அமெரிக்காவோட பெரிய ஆண்கள் லீக் எதுலயுமே அதுவரை ஒரு பெண் அந்தப் பதவில இருந்ததில்ல. ஜீட்டர் யாங்கீஸ்ல பட்டம் மேல பட்டமா ஜெயிச்சப்போ அங்க அசிஸ்டன்ட் ஜிஎம்மா இருந்தவங்க, அவங்க தெறமை அவருக்கு நல்லாவே தெரியும். பல வருஷமா பல டீம் இன்டர்வியூ மட்டும் பண்ணி அனுப்பின ஆளுக்கு வேலை குடுத்தது இவர்தான், இதை யாரும் அவர் கணக்குல எழுதுறதே இல்ல.

2022 பிப்ரவரில ராஜினாமா. தான் ஒத்துக்கிட்டு வந்த எதிர்காலத் திட்டம் வேற, இப்போ இருக்கிறது வேறன்னு அறிக்கை விட்டுட்டுப் போயிட்டார். நாசூக்கான வார்த்தைதான், காசு பிரச்சினைன்னு எனக்குப் புரியுது. இது என் ஊகம்னே வெச்சுக்கோங்க, ஆனா அதுக்கப்புறம் நடந்ததைப் பாருங்க. 2023ல கிம் இங் டீமை 84 வெற்றியோட பிளேஆஃப் கொண்டு போனாங்க, உடனே ஷெர்மன் அவங்களுக்கு மேல ஒரு பாஸ் போடப் பாத்தார், அவங்க போங்கடான்னு கிளம்பிட்டாங்க. அடுத்த சீசன் மே மாசமே பேட்டிங் சாம்பியன் அராயஸை பாட்ரேஸ் டீமுக்கு வித்தாச்சு, ஜூலைல இன்னொரு பிளேயர் ஜாஸ் சிஸம் யாங்கீஸுக்கு, சீசன் முடிவுல 100 தோல்வி. அப்போ ஜீட்டர் போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகியிருந்துச்சு, இதுக்கும் அவரைத்தான் திட்டணுமா?