மார்ச்சா ஏப்ரலா, யாராவது ஒரு முடிவுக்கு வாங்கப்பா

ஏப்ரல் 3ஆம் தேதி போட்ட பில் ஒன்று போன நிதியாண்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. யாரும் தில்லுமுல்லு செய்யவில்லை. எங்களுடைய பதினோரு கிளைகளில் ஒன்றில் இருக்கும் கம்ப்யூட்டர் 03/04/2024 என்பதை மார்ச் 4 என்று படித்துத் தொலைத்துவிட்டது, அவ்வளவுதான். ஆடிட்டர் போன் செய்து "மார்ச் கணக்கை முடிச்சாச்சுன்னு சொன்னீங்களே சார், இது எங்கிருந்து முளைச்சுது?" என்று கேட்கிறார். நான் என்னவென்று சொல்வது, விண்டோஸ் அமெரிக்காவில் இருக்கிறது என்றா?

உண்மையில் அதுதான் பதில். கம்ப்யூட்டர் போட்டுக் கொடுக்க வருகிறவர் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போகிறார், ரீஜன் என்ற இடத்தில் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்று இருப்பதை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார். அப்புறம் அந்த மெஷினில் எந்த சிஎஸ்வி ஃபைலை, அதாவது கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைலை, டபுள் கிளிக் செய்து எக்ஸெலில் திறந்தாலும் மாதம் முதலில், நாள் பிறகு.

மேனேஜரிடம் சொன்னால் ஒரே மருந்துதான். "ஃபார்மேட் செல்ஸ்ல போய் மாத்திடுப்பா." ஐயா, எக்ஸெல் தேதியைத் தேதியாகவா வைத்திருக்கிறது? உள்ளே இருப்பது நாட்களை வரிசையாக எண்ணிவரும் வெறும் எண். ஏப்ரல் 3 என்றால் 45385, மார்ச் 4 என்றால் 45355. உள்ளே போகும்போதே 45355 ஆகிவிட்டதை எந்த ஃபார்மேட்டில் காட்டினாலும் தப்பான தேதி அழகாகத் தெரியும், அவ்வளவே.

இதில் கொடுமை, 13ஆம் தேதியிலிருந்து எல்லாம் ஒழுங்காகக் கண்ணில் படும். 25/04 என்றால் இருபத்தைந்தாவது மாதம் கிடையாது, அதனால் எக்ஸெல் அதை வெறும் எழுத்தாக இடதுபக்கம் ஒட்டிவிடும். ஃபில்டரைத் திறந்தால் நல்ல தேதிகள் வருஷவாரியாக மடங்கி நிற்க, அடியில் இந்த அநாதைகள் வரிசையாகத் தொங்கும். பார்த்துப் பிடித்துவிடலாம். 1 முதல் 12 வரை உள்ள தேதிகள்தான் சத்தமே இல்லாமல் கழுத்தறுக்கும். மாதத்துக்கு 12 நாள், வருஷத்துக்கு 144. அதில் 1/1, 2/2 மாதிரி எப்படிப் படித்தாலும் ஒன்றாக இருப்பவை 12. மிச்சம் 132 நாள் தப்பாக மாறியும் சரியான தேதி போலவே வலதுபக்கம் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

நாளையும் மாதத்தையும் திருப்பிப் போட ஃபார்முலா இருக்கிறது, அது பெரிய வித்தை இல்லை. எதைத் திருப்புவது, எதை விடுவது? ஒரே ஷீட்டில் காலையில் ஒரு மெஷினில் ஒருவர் அடித்தது, மதியம் இன்னொரு மெஷினில் இன்னொருவர் ஒட்டியது. போதாக்குறைக்கு 03.04.24 என்று புள்ளி வைத்து அடிக்கும் ஒரு அண்ணன். கடைசியில் பில் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிக்கிறேன். நேற்று இரவு ஒன்பதரை வரைக்கும் அதே வேலைதான்.

2024-04-03 என்று வருஷத்தை முன்னால் போடுங்கள், எந்த ஊர் மெஷினும் குழம்பாது என்று போன வருஷமே எல்லாருக்கும் மெயில் அனுப்பினேன். "பார்க்கவே ஒரு மாதிரி இருக்கே சார்" என்று ஒரு பதில் வந்தது. மற்றவர்கள் அந்தப் பதிலும் போடவில்லை. சரி, நம் ஆபீஸ் மட்டும் இப்படி என்று நினைத்தால் அதுவும் இல்லை. மார்ச்1 என்று ஒரு மரபணு இருந்தது, எக்ஸெல் அதைத் தேதியாக மாற்றி மாற்றி ஆராய்ச்சியாளர்களைப் படுத்தியதில், 2020இல் மரபணுவின் பெயரையே மார்ச்எஃப்1 என்று மாற்றிவிட்டார்கள். விஞ்ஞானிகளே கையைத் தூக்கிவிட்ட இடத்தில் நான் மெயில் போட்டுத் திருத்தப் பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தாரைவார்த்து, பதினோரு கிளைகளிலும் ரிமோட்டில் நுழைந்து ரீஜனை இந்தியா என்று மாற்றி வைத்தேன். இன்று காலை ஒரு கிளையிலிருந்து போன். கம்ப்யூட்டர் ஸ்லோ என்று சர்வீஸ்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவர் மொத்தமாக அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"கீழே ஓரத்துல கடிகாரம் பக்கத்துல என்ன காட்டுதுன்னு பாரும்மா."

"மணி கரெக்டா இருக்கு சார். தேதியில மட்டும் மாசம் முதல்ல வருது. பரவாயில்லையா?"