ஓப்ராவிடம் கேட்காமல் எழுதிய ஓப்ராவின் கதை

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரியின் வாழ்க்கையை அவருடைய சம்மதம் இல்லாமல் கிட்டி கெல்லி எழுதிய புத்தகம் 2010 ஏப்ரலில் வந்தது. முதல் அச்சே 5 லட்சம் பிரதிகள். கெல்லியின் புத்தகம் என்றால் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அவரை உட்கார வைத்துப் பேச முந்திக்கொண்டு வருவதுதான் வழக்கம். இந்த முறை பல கதவுகள் திறக்கவில்லை. லாரி கிங், பார்பரா வால்டர்ஸ், டேவிட் லெட்டர்மேன், சார்லி ரோஸ் ஆகியோரின் நிகழ்ச்சிகளில் தனக்கு இடம் கிடைக்கவில்லை, ஓப்ராவைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனம் இல்லை என்று கெல்லியே வெளிப்படையாகச் சொன்னார். என்பிசியின் டுடே நிகழ்ச்சி மாதிரி சில இடங்களில்தான் அவர் பேச முடிந்தது.

புத்தகத்தில் இருக்கும் எந்த ரகசியத்தையும் விட இந்த மௌனம்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. யாரும் தடை உத்தரவு வாங்கவில்லை, வழக்கும் போடவில்லை. மற்றவர்களைக் கேள்வி கேட்டே பெயர் வாங்கியவர்கள், ஒருவரைப் பற்றிய கேள்வி வந்ததும் தாங்களாகவே ஒதுங்கிக்கொண்டார்கள். ஒரு ஊடக முதலாளிக்கு இருக்கும் உண்மையான பலம் இதுதான். அந்தப் பலத்தைப் பற்றி அவரிடமே அனுமதி வாங்கி எழுத முடியுமா? முடியாது என்பதுதான் என் கருத்து. அதனால், குறைகள் நிறைய இருந்தும் இந்தப் புத்தகம் எழுதப்பட்டது நல்லது என்கிறேன்.

கெல்லியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜாக்குலின் ஒனாசிஸ், எலிசபெத் டெய்லர், ஃபிராங்க் சினாட்ரா, நான்சி ரீகன், பிரிட்டிஷ் அரச குடும்பம், புஷ் குடும்பம் என்று வரிசையாக எழுதியவர். யாரிடமும் அனுமதி வாங்கியதில்லை. சினாட்ரா 1983-ல், புத்தகம் எழுதி முடிப்பதற்கு வெகு முன்பே, 20 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அடுத்த வருடம் அவரே வழக்கைத் திரும்பப் பெற்றார். 1986-ல் புத்தகம் வந்து விற்பனையில் சக்கைப்போடு போட்டது. அதே சமயம், அவர் எழுதியதெல்லாம் வேதவாக்கு என்று யாரும் சொன்னதில்லை. 1991-ல் வந்த நான்சி ரீகன் புத்தகத்தில் ஆதாரத்தைவிடப் பூடகமாகச் சொன்ன இடங்கள்தான் அதிகம் என்று அப்போதே கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனம் நியாயமானதுதான்.

ஆனால் ஓப்ரா விஷயத்தில் அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. நாலு வருட வேலை. 850-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசியிருக்கிறார். இதைவிட முக்கியமானது இன்னொன்று. ஓப்ரா கால் நூற்றாண்டாகக் கொடுத்த பேட்டிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, தேதி வாரியாக அடுக்கி, ஒரே சம்பவத்தை அவர் எந்த வருடம் எப்படிச் சொன்னார் என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். சம்பந்தப்பட்டவர் பேச மறுக்கும்போது அவருடைய பழைய பேச்சையே சாட்சிக்கு அழைக்கும் இந்த முறை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. நம்மூர்ப் பிரபலங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஒன்றையாவது கெல்லியிடம் கற்றுக்கொள்ளலாம்.

இனி ஓப்ராவுக்கு வருவோம். மிசிசிப்பி மாநிலத்தில் கோசியஸ்கோ என்ற சின்ன ஊரில் 1954-ல் பிறந்தவர். பாட்டியின் பண்ணை, பிறகு மில்வாக்கியில் அம்மா வீடு, பிறகு நாஷ்வில்லில் அப்பா வீடு என்று மாறி மாறி வளர்ந்தவர். 1986 செப்டம்பரில் தேசிய அளவில் தொடங்கிய அவருடைய நிகழ்ச்சி 2011 மே மாதம் வரை 25 சீசன் ஓடியது. நம்மில் பலர் ஸ்டார் வேர்ல்டில் அவரைப் பார்த்திருக்கிறோம். எதிரில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு, அதுவரை வாய் திறக்காதவரை வாய் திறக்க வைப்பதில் அவருக்கு இணையாக யாரையும் நான் பார்த்ததில்லை. சிறுவயதில் தனக்கு நடந்த பாலியல் கொடுமையை அந்த மேடையிலேயே சொன்னார். 1991-ல் அமெரிக்க செனட் குழுவின் முன் போய்ச் சாட்சியம் அளித்தார். குழந்தைகளைத் துன்புறுத்தித் தண்டனை பெற்றவர்களின் தேசியப் பதிவேட்டுக்கான சட்டத்தில் 1993 டிசம்பரில் கிளின்டன் கையெழுத்திட்டபோது, அதை ஓப்ரா சட்டம் என்றே பலர் அழைத்தார்கள். எத்தனையோ பெண்களுக்கு அவர் கொடுத்த துணிச்சலை எந்தப் புத்தகமும் அழித்துவிட முடியாது. அழிக்க நினைப்பதும் தவறு.

அப்படிப்பட்டவர் தன் கதை வெளியே போகும் வாசல்களை எல்லாம் எப்படி மூடி வைத்தார் என்று பாருங்கள். அவருடைய ஹார்ப்போ நிறுவனத்தில் வேலை செய்தவர்கள், ஓப்ராவைப் பற்றியோ நிறுவனத்தைப் பற்றியோ ஆயுள் முழுக்க எதையும் வெளியே சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. வேலையை விட்டுப் போன தயாரிப்பாளர் ஒருவர், தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுத வேண்டும், இந்த ஒப்பந்தம் என்னைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் போனார். 1999-ல் இல்லினாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. தன் சொந்தச் சுயசரிதையைக்கூட ஓப்ரா 1993-ல், நாஃப் பதிப்பகம் அறிவித்துக் கடைக்கு வரச் சில மாதங்களே இருந்த நேரத்தில், நிறுத்திவிட்டார். 2007-ல் அப்பா வெர்னன் ஒரு புத்தகம் எழுதுகிறார் என்று செய்தி வந்தபோது, தனக்கு அதிர்ச்சியாக இருந்தது என்று வெளிப்படையாகவே சொன்னார். அவருடைய கதையை அவர் மட்டும்தான் சொல்லலாம், அதுவும் அவர் விரும்பும் நாளில், விரும்பும் அளவில்.

இது அவருடைய உரிமை என்று சொல்கிறவர்கள் உண்டு. தனிமனிதராக இருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் ஓப்ரா ஒரு விஷயத்தைச் சொன்னால் சந்தை அசையும், தேர்தல் அசையும். 1996-ல் 'மேட் கவ்' என்ற மாட்டு நோய் பற்றிய நிகழ்ச்சியில், இனி பர்கர் சாப்பிடவே தோன்றவில்லை என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார். மாட்டிறைச்சி விலை விழுந்தது என்று டெக்சாஸ் பண்ணைக்காரர்கள் ஒரு கோடி டாலருக்கும் மேல் கேட்டு வழக்குப் போட்டார்கள். 1998-ல் அமரில்லோ நகரத்தில் ஜூரிகள் ஓப்ரா பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே வந்து பேச்சுரிமை உயிரோடு இருக்கிறது என்று மகிழ்ச்சியாக முழங்கினார். சரியான தீர்ப்பு, சரியான முழக்கம். அதே பேச்சுரிமைதானே ஹார்ப்போவில் வேலை பார்த்த அந்தத் தயாரிப்பாளருக்கும்? தீர்ப்பு வந்து இரண்டு வருடம் முடிவதற்குள் அதே ஓப்ராவின் நிறுவனம் இன்னொருவரின் வாயை ஒப்பந்தத்தைக் காட்டி மூடியது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட, அவருக்கு வேண்டப்பட்ட எழுத்தாளர் எவரும் துணிய மாட்டார்.

உடல்நலம் விஷயத்தில் இந்தச் செல்வாக்கு இன்னும் ஆபத்தானது. 2007-ல் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட நடிகை ஜென்னி மெக்கார்த்திக்கு அந்த மேடை கிடைத்தது. நினைத்தால் நடக்கும் என்று சொல்லும் ஒரு புத்தகத்தை ஓப்ரா தூக்கிப் பிடித்த அதே வருடம், மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பார்வையாளர் அறுவைச் சிகிச்சை வேண்டாம், மனதாலேயே குணமாக்கிக்கொள்கிறேன் என்று எழுதினார். சிகிச்சையைக் கைவிட வேண்டாம் என்று ஓப்ரா பிறகு சொன்னது உண்மைதான். ஆனால் கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் மேடையில் முதலில் சொன்னது போய்ச் சேரும் அளவுக்குத் திருத்தம் போய்ச் சேராது. 2009-ல் நியூஸ்வீக் வாரப் பத்திரிகை இதையெல்லாம் அட்டைப்படக் கட்டுரையாகவே போட்டது. இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்க வெளியாள்தான் வேண்டும்.

இதுவரை கெல்லிக்கு ஆதரவாகப் பேசினேன். இனி அவர்மேல் எனக்கு இருக்கும் கோபம்.

புத்தகம் வந்ததும் எல்லோரும் பேசியது எதை? ஓப்ராவைப் பெற்ற தகப்பன் உண்மையில் யார் என்பதை. உறவினர் ஒருவர் தன்னிடம் பெயரைச் சொன்னார், ஆனால் அம்மாவே மகளிடம் சொல்லட்டும் என்று பெயரை வெளியிடாமல் விடுகிறேன் என்கிறார் கெல்லி. இது கண்ணியம் மாதிரித் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயரை வெளியிடக் கூடாது என்று நினைத்தால் விஷயத்தையே எழுதாமல் விட்டிருக்கலாம். ஒரு வயதான தாயையும் மகளையும் நடுத்தெருவில் நிறுத்தி, உலகமே பார்க்க, போய்ப் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்வது என்ன நியாயம்? இதனால் ஓப்ராவின் அதிகாரத்தைப் பற்றி நமக்கு ஒரு எழுத்துகூடப் புதிதாகத் தெரிவதில்லை.

அதைவிட மோசமான இடம், சிறுவயதுக் கொடுமையைப் பற்றிய பகுதி. குடும்பத்தில் சிலர் அதை நம்பவில்லை என்று கெல்லி பதிவு செய்கிறார். குடும்பம் நம்பாது என்பதுதானே இந்தக் குற்றத்தின் இயல்பே? நம் தெருவில், நம் சொந்தத்தில் இது எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியாதா? பெரியவர்கள் வாயை மூடச் சொல்வார்கள், சொன்ன பெண்ணைக் கற்பனைக்காரி என்பார்கள். அந்த அவநம்பிக்கையைக் கொண்டுவந்து ஒரு எதிர்ச்சாட்சி போல வைத்தது பெரிய தவறு. பதினான்கு வயதில் ஓப்ரா கர்ப்பமானதும் குழந்தை பிறந்து இறந்ததும், 1990-ல் கூடப் பிறந்தவரே மஞ்சள் பத்திரிகைக்கு விற்ற செய்தி. ஒரு முறை விற்கப்பட்ட காயம் அது. அதை மறுபடியும் கிளறாமல் விட்டிருக்கலாம்.

சிறுவயது வறுமையை ஓப்ரா கூட்டிச் சொன்னார் என்று உறவினர் ஒருவர் சொல்வதும் புத்தகத்தில் வருகிறது. இதில் நான் கெல்லி பக்கம்தான். ஏனென்றால் அந்த வறுமைக் கதை ஓப்ராவின் தொழிலில் ஒரு முதலீடு. அதுவும் உண்மை எது பொய் எது என்று மற்றவர்களை நாடறிய நிறுத்திக் கேட்டவர் அவர். எழுத்தாளர் ஜேம்ஸ் ஃப்ரே தன் நினைவுக்குறிப்பில் கற்பனையைக் கலந்துவிட்டார் என்று 2006 ஜனவரியில் தெரிந்ததும், முதலில் அவருக்காகப் பரிந்து பேசிய ஓப்ரா, சில நாளிலேயே அதே மேடையில் வைத்து அவரை வறுத்தெடுத்தார். அந்த அளவுகோலை அவருக்கும் வைக்கத்தான் வேண்டும்.

ஆக, என்னுடைய கோடு இதுதான்: அதிகாரத்தைத் தோண்டு, காயத்தைத் தோண்டாதே. கோடு எங்கே என்று எப்போதும் தெளிவாகத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஓப்ரா மாதிரி தன் காயத்தையே மேடையாக்கி வளர்ந்தவர் விஷயத்தில் இரண்டும் பின்னிக் கிடக்கிறது. இருந்தாலும் ஒவ்வொரு பக்கத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே எழுதியிருந்தால், கெல்லியின் புத்தகம் இன்னும் மெலிந்து, இன்னும் பலமாக இருந்திருக்கும்.

அமெரிக்காவைப் பற்றி இவ்வளவு ஏன் என்று கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று. அனுமதி இல்லாத வாழ்க்கைக் கதை பற்றி இந்தியாவில் இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் முக்கியமான தீர்ப்பு, ஒரு தமிழ்ப் பத்திரிகை போட்ட வழக்கில் வந்ததுதான். தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிட முனைந்தபோது சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. அதில் அதிகாரிகளின் பெயர்கள் வரும் என்பதுதான் பயம். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: பொது ஆவணங்களில் இருப்பதை எழுத ஒருவருடைய சம்மதம் தேவையில்லை. அதைத் தாண்டிப் போனால் அவருடைய அந்தரங்க உரிமை குறுக்கே வரும். அரசு தனக்கு அவதூறு வரும் என்று சொல்லி முன்கூட்டியே தடை போட முடியாது. நான் மேலே சொன்ன கோட்டுக்கு ஏறக்குறைய பக்கத்தில் நிற்கிறது இந்தத் தீர்ப்பு.

இருந்தும் நடைமுறை வேறு. ஜெயலலிதாவைப் பற்றி வாஸந்தி எழுதிய ஆங்கிலப் புத்தகத்துக்கு, வெளிவரும் முன்பே 2011-ல் நீதிமன்றத் தடை வாங்கப்பட்டது. இங்கே நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. அங்கே ஓப்ராவுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

கெல்லியின் புத்தகத்தைப் படிக்க நினைக்கிறவர்களிடம் நான் சொல்வது: அப்பா யார் என்கிற பகுதி வந்தால் தயங்காமல் தாண்டிப் போங்கள். ஊழியர்கள் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் பற்றி வரும் இடங்களில் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். அப்புறம், நம்மூர்த் தொலைக்காட்சி முதலாளிகளைப் பற்றி, பிறந்தநாள் மலர் தவிர்த்து, யாராவது உருப்படியாக எழுதிய புத்தகம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். வாங்கிப் படிக்க வேண்டும்.