தினக்கூலித் தொழிலாளி சலுகை கேட்கவில்லை, சட்டத்தில் இருப்பதைக் கேட்கிறார்

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் பணி நிரந்தரம் கேட்டு 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களைப் பற்றி நான் எழுதியதற்கு வந்த பின்னூட்டத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "பரீட்சை எழுதி வரட்டும், ரோட்டில் உட்கார்ந்தால் பெர்மனென்டா?" அதற்கு லைக் போட்டவர்களில் என் உறவுக்காரர்களும் இருக்கிறார்கள். அதுதான் வலிக்கிறது.

அவர்கள் வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். பொதுவாகவே தினக்கூலி நிரந்தரம் கேட்டால் சலுகை கேட்பதுபோல் ஏன் பார்க்கிறீர்கள்? தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட தொழில் நிறுவனத்தில் 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கியே ஆக வேண்டும். தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்றால் அது தொடர்ச்சியை உடைக்காது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இதை எழுதி வைக்க வேண்டி வந்தது ஏன் என்று எனக்குத் தெரியும். என் அண்ணன் ஒரு ஆலையில் இருந்தார். நாள் கணக்கு நெருங்கும்போது கேட்டிலேயே அவருடைய நுழைவு பாஸை வாங்கி வைத்துக்கொள்வார்கள். "ஒரு வாரம் கழிச்சு வா" என்பார் சூப்பர்வைசர். போனால் வேறு நம்பரில் புது பாஸ். அதே மெஷின், அதே ஷிஃப்ட், ரிஜிஸ்டரில் மட்டும் புது ஆள். பெண் பார்க்கப் போன வீடுகளில் முதல் கேள்வியே "வேலை பெர்மனென்டா?" என்பதுதான். தலையைக் குனிந்துகொண்டு வருவார். எந்தப் பரீட்சையில் தோற்றார் அவர்?

உமாதேவி தீர்ப்பைக் காட்டுவீர்கள். சரி, 2006-ல் உச்ச நீதிமன்றம் அரசு வேலையில் பின்வாசல் நியமனம் கூடாது என்றது. அதே தீர்ப்புதான், அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் 10 ஆண்டுக்கு மேல் உழைத்த தகுதியுள்ளவர்களை ஒருமுறை நடவடிக்கையாக முறைப்படுத்த, அதாவது நிரந்தரமாக்கச் சொன்னது. அதை மட்டும் யாரும் பகிர்வதில்லை. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டு துப்புரவு வேலை பார்த்த பெண்களை முறைப்படுத்த அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. நிரந்தரமாகத் தேவைப்படும் வேலைக்குத் தற்காலிகப் பெயர் சூட்டி ஆளை வைத்திருக்க, உமாதேவியைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

அரசிடம் பணம் இல்லையாம். குப்பை அள்ளுகிறவர் சம்பளத்துக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு ஞாபகம் வருகிறது. கொரோனாவில் நாம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது தெருவில் நின்றது யார்? அன்று கைதட்டினீர்களே, அன்று யாராவது அவர்களிடம் ஹால் டிக்கெட் கேட்டீர்களா?

கேஷுவலாக, அதாவது நிரந்தரமில்லாமல் வேலை பார்ப்பவர்கள் பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு எதையும் தொலைக்காதீர்கள். பாஸைத் திருப்பிக் கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். 480 நாளை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான் விழும். அண்ணனிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

"பரீட்சை" என்று இனி வரும் பின்னூட்டத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.