டிக்கெட் எடுத்தது யார்?

மக்கள் பிரதிநிதி ஒருவர் யாரோ எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் விமானத்தில் போகும் படத்தை நேற்றுப் பகிர்ந்தேன். அதற்கு இவ்வளவு வசை விழும் என்று நினைக்கவில்லை. "நண்பர் டிக்கெட் போட்டுத் தந்தா உங்களுக்கு ஏன் சார் எரியுது?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எரியத்தான் செய்கிறது தம்பி.

நான் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். எங்களுக்கு 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் உண்டு. நெருங்கிய உறவினரும் அலுவல் தொடர்பில்லாத நண்பரும் தவிர வேறு யார் தந்தாலும், இலவசப் பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாமே அதில் அன்பளிப்புக் கணக்குதான். போகிற வழியில் வண்டியில் ஏற்றிக்கொண்டால், ஒரு வேளை சோறு போட்டால் பரவாயில்லை. அதற்கு மேல் கூடாது.

என் பக்கத்து மேசைக்காரர் ஒரு கோடையில் ஒப்பந்ததாரர் அனுப்பிய வேனில் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் அடுத்த வாரம் அந்த ஒப்பந்ததாரரின் பில் வந்தபோது, எப்போதும் பத்துக் கேள்வி கேட்கிறவர் ஒன்றுகூடக் கேட்கவில்லை. "பிள்ளைங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க, எந்த முகத்தோட கேக்கறது?" என்றார். டிக்கெட் போடுகிறவர் விலைக்கு வாங்குவது அந்தக் கூச்சத்தைத்தான். அப்புறம் மெமோ வந்தது, விசாரணை நடந்தது, இன்கிரிமென்ட் நின்றது.

எழுத்தருக்கு இருக்கிற கட்டு சட்டம் இயற்றுகிறவருக்கு வேண்டாமா?

"அதற்குச் சட்டம் இருக்கிறதே" என்பீர்கள். சரி, இருக்கிறது. வெளிநாட்டார் செலவில் வெளிநாடு போனால் எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் மத்திய அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்கிறது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம். உள்ளூர் முதலாளி செலவு செய்தால் அந்தச் சட்டம் தொடாது. எம்.பி. தனியாக வைத்துக்கொண்ட உதவியாளர் அனுமதி வாங்க வேண்டியவர்கள் பட்டியலிலேயே இல்லை. எந்த மனு மேசைக்குப் போகும், யாருக்கு நேரம் கிடைக்கும் என்பதெல்லாம் உதவியாளர் கையில்தானே இருக்கிறது?

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினரானாலும் ஊழியரானாலும், தனியார் செலவில் போக 30 நாள் முன்பே நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். திரும்பிய 15 நாளில் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அதை யாரும் பார்க்கலாம்.

"அங்கேயும் ஏமாற்றினார்களே!" ஆமாம். 2013இல் 10 உறுப்பினர்களும் 32 ஊழியர்களும் அஜர்பைஜான் தலைநகர் பாகுவுக்குப் போனார்கள். அந்நாட்டு அரசு எண்ணெய் நிறுவனத்தின் பணம் தொண்டு நிறுவனங்கள் பெயரில் வந்திருந்தது. பயணத்தை ஏற்பாடு செய்தவர், நெறிமுறைக் குழுவுக்குத் தந்த படிவத்தில் பொய் சொன்னதாக 2018இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பொய் எழுத ஒரு படிவம் இருந்ததால்தானே அவர் சிக்கினார்? இங்கே அந்தப் படிவம் எங்கே?

நான் கட்சி பார்த்துப் பேசுவதாகச் சொல்கிறவர்களுக்கு: 2017இல் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் தங்கிய கூவத்தூர் விடுதி. 2022இல் மகாராஷ்டிரத்தின் சிவசேனா எம்.எல்.ஏ.க்களுக்குச் சூரத்திலிருந்து குவாஹாட்டிக்கு விமானம். கட்சி வேறு, மாநிலம் வேறு. பில் கட்டியது யார் என்று ஓட்டுப் போட்டவனிடம் யார் கணக்குக் காட்டினார்கள்? கிளம்பும் முன்பே பணம் கொடுப்பவர் பெயரைச் சொல்லுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

அந்த மேசைக்காரர் இன்கிரிமென்ட் நின்றதைக் கடைசிவரை வீட்டில் சொல்லவில்லை. மாதாமாதம் என்னிடம் கைமாற்று வாங்கி, சம்பளத்தோடு சேர்த்து மனைவியிடம் கொடுத்தார்.